பல் காட்டப் போகிறவர் வாயையும் காட்டிவிட்டு வருவது பற்றி

எங்கள் மலையகத் தேயிலைத் தோட்டப் பகுதிகளில் பல் டொக்டரிடம் போவதென்றால் பல் பிடுங்கப் போவதுதான். கிராம்பை நசுக்கி வைத்து, உப்புத் தண்ணீர் கொப்பளித்து, பெனடோல் போட்டு, அதற்கும் அடங்காமல் கன்னம் வீங்கித் தூக்கம் கெட்ட பிறகே ஒருவர் வேலையை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறுகிறார். போனவர் நோகிற பல்லை விரலால் தொட்டுக் காட்டுகிறார். வாசலில் நீண்ட வரிசை நிற்கையில் டொக்டரும் அந்தப் பல்லைப் பிடுங்கி, பஞ்சைக் கடித்துக்கொள்ளச் சொல்லி அனுப்பிவிடுகிறார். கன்னத்தின் உட்புறத்தையும் நாக்கின் ஓரத்தையும் நாக்குக்கு அடியையும் இருவருமே பார்ப்பதில்லை. இலங்கை ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடத்தில் இருப்பது வாய்ப் புற்றுநோய். தோட்டங்களிலோ பெண்களும் ஆண்களுக்குச் சளைக்காமல் வெற்றிலை போடுகிறவர்கள். இந்த இரண்டையும் சேர்த்து யோசிக்கும் எவருக்கும், ஒருவர் வாயைத் திறந்துகொண்டு வைத்தியர் முன்னால் உட்கார்ந்திருக்கும் அந்தச் சில நிமிடங்கள் வீணாகப் போவதைப் பொறுத்துக்கொள்ள முடியாது.

நான் பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் படிப்பிக்கிறேன். என் அம்மாவின் வாயில் இருந்த ஒரு படலம் புற்றுநோயாக மாறுவதற்கு முன்னரே கண்டுபிடிக்கப்பட்டு அகற்றப்பட்டது. பொய்ப்பல் தட்டு தளர்ந்துவிட்டது, சோறு சாப்பிடும்போது கழன்று வருகிறது என்று காட்டப்போன சாதாரண நாளொன்றில்தான் அது தெரியவந்தது. அதற்குப் பிறகு எங்கள் தோட்டத்தில் வாய்ப் பரிசோதனை ஒன்றை ஒழுங்கு செய்ய உதவினேன். இரண்டு அனுபவங்களையும் சேர்த்து எழுதுகிறேன். சோதனை செய்வது சுலபம். ‘பேராதனைப் பெரிய பல் ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டுங்கள்’ என்று கடிதம் தந்த பிறகு போகவேண்டிய அந்த இரண்டாவது பயணத்தில்தான் மலையகத்தில் ஆட்கள் விடுபட்டுப் போகிறார்கள் என்பதே நான் சொல்ல வருவது.

முதலில் சோதனை எப்படி நடந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலரும் அதை ஏதோ மெஷினுக்குள் படுக்கவைத்துச் செய்யும் காரியம் என்று நினைத்துப் பயப்படுகிறார்கள். அன்று இருந்தவர் இளம் பெண் டொக்டர். சிங்களவர், தட்டுத் தடுமாறித் தமிழ் பேசினார். அம்மாவை உட்காரவைத்து, தட்டைக் கழற்றி ஒரு கிண்ணத்தில் போடச் சொன்னார். பிறகு பின்னால் நின்றுகொண்டு இரண்டு கைகளாலும் தாடைக்குக் கீழேயும் கழுத்தின் இரு பக்கங்களிலும் நெரி கட்டியிருக்கிறதா என்று விரல் நுனிகளால் அழுத்தி அழுத்திப் பார்த்தார். உதட்டைப் பிரட்டிப் பார்த்தார். இரண்டு சிறு கண்ணாடிகளால் கன்னத்தை வெளியே இழுத்துப் பிடித்துக்கொண்டு விளக்கைத் திருப்பினார். நாக்கை நீட்டச் சொல்லி, அதன் நுனியை வெள்ளைத் துணித் துண்டால் பிடித்து வலப்பக்கமும் இடப்பக்கமும் இழுத்து, ஓரங்களைக் கடைவாய் வரை பார்த்தார். நாக்கை மேலே மடிக்கச் சொல்லி அடிப்பகுதியைக் கையுறை விரலால் தடவினார். வாயை முழுவதும் திறக்கச் சொல்லி, அம்மாவின் சொந்த விரல்களிலேயே மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்திப் பற்களுக்கு இடையே நுழைக்கச் சொன்னார். அம்மாவுக்கு இரண்டு விரல்தான் போயிற்று. எல்லாம் சேர்ந்து ஒரு தேத்தண்ணீர் குடித்து முடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. ஊசியில்லை, வலியில்லை, காசுமில்லை.

இடப்பக்கக் கன்னத்தின் உள்ளே, கீழ்த்தாடையும் கன்னமும் சந்திக்கும் குழியில், சுருக்கம் விழுந்த வெள்ளைப் படலம் ஒன்று இருந்தது. டொக்டர் அதைத் துணியால் அழுத்தித் துடைத்தார். வெற்றிலைச் சாயம் துணியில் வந்ததே தவிர வெள்ளை போகவில்லை. அதன் நடுவில் குங்குமம் சிந்தினாற்போல் சிவப்புப் புள்ளிகள். சிறிய அடிமட்டத்தை வைத்து அளந்து, வாயின் படம் அச்சிட்ட ஒரு தாளில் அந்த இடத்தைப் பேனாவால் நிழலிட்டுக் குறித்தார்.

“அம்மா, வெத்தில இந்தப் பக்கமா வைக்கிறது?” என்று கேட்டார்.

“அந்தப் பக்கந்தாங்க டாக்டரம்மா. ராவுலயும் அதக்குறது அங்கனதான்” என்றார் அம்மா.

துடைத்தால் போகாத வெள்ளைப் படலங்களில் பெரும்பாலானவை புற்றுநோயாக மாறுவதில்லை என்று அந்த டொக்டர் முதலிலேயே சொன்னது எனக்குப் பெரிய உதவியாக இருந்தது. ஆனால் எது மாறும், எது மாறாது என்று வெறும் கண்ணால் உறுதியாகச் சொல்ல முடியாது. வெள்ளையோடு சிவப்பும் கலந்திருந்தால், அல்லது முழுவதும் சிவந்த படலமாக இருந்தால், ஆபத்து கூடுதல். ஆகவே சிறு துண்டு சதை எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்க்கவேண்டும், அதற்குப் பேராதனைப் பல் போதனா வைத்தியசாலைக்குக் கடிதம் தருகிறேன் என்றார். அம்மாவின் முதல் கேள்வி, “வலியே இல்லாத எடத்த எதுக்குங்க வெட்டணும்?” என்பதுதான். இந்தக் கேள்வியைப் பிறகு எத்தனையோ பேர் வாயால் கேட்டுவிட்டேன். ஆரம்பத்தில் வலிக்காது என்பதுதான் இந்த நோயின் சூழ்ச்சியே. பல் நொந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிற நாம், நோகாத படலத்தை வருடக்கணக்கில் வாயில் வைத்துக்கொண்டு கொழுந்து எடுக்கப் போய்வருகிறோம்.

வெற்றிலை பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் முடியாது. விடிகாலைக் குளிரில், வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களத்துக்குப் போகிறபோது வாயில் ஒரு வாய் வெற்றிலை இருந்தால் உடம்பு சூடாக இருக்கும், பசி தெரியாது, மலையேறும்போது களைப்புத் தெரியாது. மழைக்காலத்தில் அட்டை ஏறினால் தடவச் சுண்ணாம்பும் கையோடு இருக்கும். கல்யாணம், கருமாதி, கோயில் எல்லாவற்றிலும் தாம்பூலம் இருக்கிறது. இதையெல்லாம் தெரியாத ஒருவர் வந்து ‘வெற்றிலை கெட்ட பழக்கம்’ என்று மேடையில் பேசினால் நம் ஆட்கள் சிரித்துவிட்டுப் போவார்கள், அதில் அவர்கள் பக்கம் நியாயமும் இருக்கிறது. குற்றவாளி வெற்றிலை இலை அல்ல. புகையிலை சேர்த்த வெற்றிலைக் கூட்டு புற்றுநோய் உண்டாக்கும் என்பது 1985இலேயே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகத்தால் உறுதி செய்யப்பட்டது. புகையிலையே இல்லாவிட்டாலும் பாக்கு மட்டும் போதும், அதுவும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்தான் என்று அதே முகவரகம் 2004இல் வெளியிட்ட தொகுப்பு சொல்கிறது. ‘நான் பொகையில போடுறதில்ல, வெறும் பாக்குதான்’ என்று ஆறுதல் தேடிக்கொள்கிறவர்கள் தோட்டத்திலும் டவுனிலும் நிறைய. அந்த ஆறுதலுக்கு இடமில்லை.

அம்மாவுக்கு இரண்டு விரல் மட்டும் நுழைந்ததற்கும் காரணம் பாக்குதான். பாக்கின் சாறு கன்னத்தின் உள்தோலுக்கு அடியில் நாரைப் போட்டு இறுக்கிவிடுகிறது. தோல் வெளிறி, தொட்டால் கயிறுபோல் தட்டுப்படும். கொச்சிக்காய்க் காரம் தாங்காமல் எரியும். வாய் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்க முடியாமல் போகும். இறுகியது பழையபடி இளகாது. பாக்கை நிறுத்தினால் மேலும் இறுகும் வேகத்தைக் குறைக்கலாம். புற்றுநோய்க்கு முந்தைய நிலைகளில் இதுவும் ஒன்று. ‘வயசாயிருச்சு, ஒறப்பு ஒத்துக்கல’ என்று கறியில் கொச்சிக்காயைக் குறைத்துக்கொண்ட வீடுகளில் முதலில் வாயைப் பார்க்கவேண்டும். இப்போது கவலைக்குரிய கூட்டம் கிழவிகள் அல்லர். பஸ் ஸ்டாண்டில் பெட்டிக்கடைச் சரங்களில் தொங்கிய பாக்குப் பைக்கட்டுகளுக்கும் பீடாவுக்கும் பழகிய ஓட்டோக்காரப் பையன்களும், கொழும்புக் கடைகளில் வேலை செய்துவிட்டுத் தீபாவளிக்கு வருகிற பிள்ளைகளும்தான். புகையிலை கலந்த மெல்லும் பொருட்களை விற்பது 2016இல் தடை செய்யப்பட்டது. ஆனாலும் கடையில் வெற்றிலைக் கூறுக்குப் பக்கத்தில் புகையிலைத் துண்டு இன்றும் கிடக்கத்தான் செய்கிறது.

இனி அந்த இரண்டாவது பயணம். எங்கள் தோட்டத்திலிருந்து பேராதனைக்குப் போவதென்றால் விடியுமுன் எழுந்து டவுனுக்கு வந்து, ஹட்டனில் பஸ் மாறி, கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று வளைந்து வளைந்து இறங்கவேண்டும். அம்மா ஓய்வு பெற்றுவிட்டாலும் கைக்காசுக்கு வேலைக்குப் போகிறவர். ஒரு நாள் போகாவிட்டால் அந்தக் காசு இல்லை. பேர் விழுகிறவர்களுக்கோ, அதாவது தோட்டப் பதிவில் நாட்சம்பளம் எழுதப்படுகிறவர்களுக்கோ, அதைவிடக் கஷ்டம்: ஒரு நாள் பேர் போவதோடு, மாதக் கணக்கில் வருகைக்கும் அடி விழும். பஸ் காசு, கூடப் போகிறவரின் பஸ் காசு, மத்தியானச் சாப்பாடு, இத்தனைக்கும் பிறகு ‘அடுத்த வாரம் வாருங்கள்’ என்று திருப்பி அனுப்பினால், வலியே இல்லாத ஒன்றுக்காக மறுபடி யார் போவார்? ஆகவே போகிற நாளைச் சரியாக அமைத்துக்கொள்வதுதான் பாதி வைத்தியம்.

எங்களுக்கு உதவியவை சின்னச் சின்ன விஷயங்கள். கடிதத்தை வாங்கிக்கொண்டு அப்படியே வெளியே வந்துவிடாமல், எந்தக் கிழமை, எந்தக் கிளினிக், எத்தனை மணிக்குள் நம்பர் எடுக்கவேண்டும், சாப்பிட்டுவிட்டு வரலாமா என்பதையெல்லாம் அந்த டொக்டரிடமே கேட்டு, கடிதத்தின் பின்பக்கம் எழுதி வாங்கினேன். அவர் தம் போனிலிருந்தே அங்கே பேசி நாளை உறுதி செய்து கொடுத்தார். எல்லோரும் செய்வார்கள் என்று சொல்ல மாட்டேன், ஆனால் கேட்டால் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். பிரஷருக்கும் சீனி வருத்தத்துக்கும் அம்மா போடுகிற குளிசைகளை அட்டையோடு ஒரு பையில் போட்டு எடுத்துப் போனேன். இரத்தம் உறையாமல் இருக்கக் குளிசை போடுகிறவர்கள் அதைக் கட்டாயம் முன்கூட்டியே சொல்லவேண்டும். சிங்களம் நன்றாகத் தெரிந்த என் தம்பியைக் கூட்டிப் போனோம்.

இன்னொன்று பெயர். இது படித்தவர்களுக்கு அற்பமாகத் தெரியும், தோட்டத்தில் இது பெரிய பிரச்சினை. அம்மாவுக்குப் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் அதே பெயர் வேறு எழுத்துகளில், தோட்டத்துச் சம்பளப் பதிவான செக்ரோலில் மூன்றாவது விதமாக, நாங்கள் குடியிருக்கும் லய வரிசையில் கூப்பிடுவது நான்காவது பெயர். கிளினிக்கில் லயத்துப் பெயரைச் சொல்லிப் பதிந்துவிட்டு, றிப்போட் எடுக்கப் போகும்போது அடையாள அட்டையைக் காட்டினால் றிப்போட் கிடைக்காது. ஆகவே முதல் நாளே அடையாள அட்டையைக் கொடுத்து, அதில் உள்ள எழுத்துப்படியே பதிவு செய்ய வைத்து, அட்டை இலக்கத்தையும் கிளினிக் புத்தகத்தில் எழுதச் சொல்லவேண்டும். போன் நம்பர் கொடுக்கும்போது, சிம்மை அடிக்கடி மாற்றுகிற மகனின் நம்பரைக் கொடுக்காமல், மாறாத ஒரு நம்பரைக் கொடுப்பது நல்லது. எங்கள் தோட்டத்தில் பலர் பாடசாலை நம்பரைக் கொடுத்திருக்கிறார்கள்.

சதைத் துண்டு எடுக்கும் அந்தச் சோதனையை, பயொப்சி என்பதைக் கேட்டதும் அம்மா ‘கத்தி பட்டா பரவிரும்’ என்று லயத்தில் சொல்லிவைத்திருந்ததை நினைத்து அழுதார். கத்தி பட்டதால் புற்றுநோய் பரவுவதில்லை. பரவிய பிறகு வெட்டப் போனவர்களைப் பார்த்துவிட்டு நம் ஆட்கள் காரணத்தையும் காரியத்தையும் மாற்றிக்கொண்டார்கள். பல் பிடுங்குவதற்குப் போடுகிற அதே விறைப்பு ஊசி, பயற்றம் விதையளவு துண்டு, இரண்டொரு தையல், மருந்துத் தண்ணீர் உள்ள சிறு போத்தலில் துண்டு, அவ்வளவுதான். சில நாளைக்குக் கஞ்சியும் ஆறிய தேத்தண்ணீரும் குடித்தார். றிப்போட் வரச் சில வாரங்கள் பிடித்தன. கலங்களில் மாற்றம் தொடங்கியிருக்கிறது, புற்றுநோய் இல்லை, இந்தப் படலத்தை முழுவதும் எடுத்துவிடுவது நல்லது என்றார்கள். எடுத்தார்கள். எடுத்துவிட்டால் முடிந்தது என்றில்லை. வாயின் மற்ற பகுதிகளும் அதே பாக்கிலும் புகையிலையிலும் ஊறியவைதானே. அதனால் முதலில் மூன்று மாதத்துக்கு ஒரு தடவையும் பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு தடவையுமாக வந்து காட்டச் சொன்னார்கள். அம்மா இன்றும் போய்வருகிறார்.

எங்கள் லயத்திலேயே இருந்த ஒரு அண்ணனுக்கு இது நேர்மாறாக நடந்தது. கடைவாய்ப் பல் ஆடுகிறது என்று ஓர் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பிடுங்கிக்கொண்டு வந்தார். பிடுங்கிய குழி ஆறவில்லை. சூத்தை இல்லாத பல் தானாக ஆடுவதும், பிடுங்கிய இடம் வாரக்கணக்கில் ஆறாமல் இருப்பதும் பார்க்கப்படவேண்டிய அறிகுறிகள். ஆனால் அங்கே அன்று யாரும் பல்லைச் சுற்றியிருந்த ஈறைக் கவனிக்கவில்லை. மறுபடி போனபோது வேறொருவர் பார்த்துவிட்டு உடனே கண்டிக்குப் போகச் சொல்லிக் கடிதம் கொடுத்தார். அது கொழுந்து கூடிய பருவம்; வீட்டில் மகளின் சடங்கு வேறு. கடிதம் சாமி படத்துக்குப் பின்னால் செருகப்பட்டது. கன்னம் வெளியே வீங்கிய பிறகு கண்டிக்கும், அங்கிருந்து மஹரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோனார்கள். தாடையின் ஒரு பகுதியை எடுத்து, கதிர் சிகிச்சையும் கொடுத்து, ஒன்றரை வருடம் உயிரோடு இருந்தார். ஆரம்பத்தில் பிடிபட்டால் பெரும்பாலானோர் பிழைத்துக்கொள்ளும் நோய் இது. கழுத்தில் உள்ள நெரிகளுக்கும் எலும்புக்கும் பரவிய பிறகு பாதிப்பேர்கூட ஐந்து வருடத்தைத் தாண்டுவதில்லை. அந்த அண்ணனை எவரும் சோதிக்காமல் விடவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். பிந்தியாவது சோதித்தார்கள், கடிதமும் கொடுத்தார்கள். கடிதத்துக்கும் கண்டிக்கும் இடையில்தான் அவர் போனார்.

இது எங்கள் லயத்தில் மட்டும் நடக்கிற காரியம் அல்ல என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். இலங்கையின் கிராமப்புறத்தில் ஆரம்பச் சுகாதார ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்து வாயைப் பார்க்கவைத்த ஆய்வு ஒன்று 1984இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஏட்டில் வெளிவந்தது. 34 ஊழியர்கள் ஒரு வருடத்துக்குள் 28,295 பேரின் வாயைப் பார்த்திருக்கிறார்கள். டொக்டர் அல்லாதவர்களாலும் இதைச் செய்ய முடியும் என்பதை உலகத்துக்குக் காட்டிய ஆரம்ப வேலைகளில் அதுவும் ஒன்று. ஆனால் மேற்கொண்டு வைத்தியரிடம் காட்டுமாறு அனுப்பப்பட்டவர்களில் பாதிக்குச் சற்றுக் கூடுதலானவர்களே போனார்கள். நாற்பது வருடமாகியும் அதே இடத்தில்தான் ஓட்டை இருக்கிறது. வாய்ப் பரிசோதனையால் உயிர் தப்புமா என்ற கேள்விக்கு நல்ல பதில் கேரளத்திலிருந்து வந்தது. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 13 பஞ்சாயத்துகளில் 1996இல் தொடங்கிய பெரிய ஆய்வின் முடிவு 2005இல் வெளியானது: புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே, பரிசோதனை நடந்த பஞ்சாயத்துகளில் வாய்ப் புற்றுநோய் மரணம் 34 சதவீதம் குறைந்திருந்தது. எந்தப் பழக்கமும் இல்லாதவர்களுக்கு அவ்வளவு தெளிவான பயன் தெரியவில்லை. அமெரிக்காவில் தடுப்பு மருத்துவ ஆலோசனை வழங்கும் குழுவும் 2013இல், அறிகுறியில்லாத பொதுமக்கள் எல்லோருக்கும் இதைப் பரிந்துரைக்க ஆதாரம் போதாது என்றுதான் சொல்லியது. அதை எடுத்துக்காட்டி ‘வெளிநாட்டிலேயே தேவையில்லை என்கிறார்கள்’ என்று எங்களிடம் ஒருவர் வாதிட்டார். வெற்றிலை வாயோடு வாழ்கிற எங்களுக்குக் கேரளத்துக் கணக்குத்தான் பொருந்தும்.

அம்மாவின் விஷயம் முடிந்த பிறகு, அதே பெண் டொக்டரைத் தோட்டத்துக்கே அழைத்தோம். முதலில் கோயில் மண்டபத்தில் வைக்கலாம் என்று இருந்தோம். கோயிலுக்கு வெற்றிலை போடாதவர்களும் வேலைக்குப் போகாதவர்களும்தான் வருவார்கள் என்று கணக்குப்பிள்ளை சொன்னார். சரியான பேச்சு. ஆகவே தோட்டத்தை நிர்வகிக்கும் துரையிடம் அனுமதி வாங்கிக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் வைத்தோம். மத்தியானம் கொழுந்து நிறுக்க எல்லோரும் எப்படியும் அங்கே வந்துதான் ஆகவேண்டும். மடுவத்தின் வாசலில் வெளிச்சத்தைப் பார்த்து இரண்டு கதிரை, நெற்றியில் கட்டும் டோர்ச், கையுறை, துணித் துண்டுகள், வாய் கொப்பளிக்க வாளித் தண்ணீர். படங்கு கட்டியபடியே, கூடையை இறக்கிவைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். தோட்டத்து மருத்துவிச்சியம்மா பெயரெழுத, நான் பழக்கத்தைக் கேட்டு எழுதினேன்: பாக்கா, புகையிலையுமா, பீடியா, சாராயமா, எத்தனை வருடமாக, இரவில் வாயில் வைத்துக்கொண்டு தூங்குவதுண்டா. பாக்கோடும் புகையிலையோடும் குடியும் சேர்ந்தால் ஆபத்து பெருகுகிறது என்பதால்தான் சாராயத்தைக் கேட்டோம். ஆனால் பெண்சாதி பக்கத்தில் நிற்கும்போது அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் வராது, தனியாகத்தான் கேட்கவேண்டும்.

ஒரு விஷயத்தில் எனக்கு டொக்டரோடு கருத்து வேறுபாடு இருந்தது. அழுகிய கன்னங்களின் பெரிய வர்ணப் படங்களை மடுவத்தில் மாட்டலாம் என்றார். நான் வேண்டாம் என்றேன். அந்தப் படங்களைப் பார்த்தவர், தம் வாயில் அப்படியில்லை என்று நிம்மதியாகப் போய்விடுவார். உண்மையில் வாயில் ஏதாவது இருப்பவரோ பயந்து வரிசையிலிருந்து நழுவிவிடுவார். அதற்குப் பதிலாகச் சிறிய வெள்ளைப் படலம், சிவந்த திட்டு, ஆறாத புண் ஆகியவற்றின் படங்களை மட்டும் காட்டினோம். அம்மாவும் அங்கேயே உட்கார்ந்து, வருகிறவர்களுக்குத் தம் கன்னத்தைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கன்னத்துக்குக் கிடைத்த மரியாதை எந்தப் படத்துக்கும் கிடைத்திருக்காது.

சந்தேகம் உள்ளவர்களுக்குக் கடிதத்தை மட்டும் கொடுத்து அனுப்பவில்லை. அவர்களுடைய பெயர்களைத் தனிக் கொப்பியில் எழுதி, எல்லோருக்கும் ஒரே கிளினிக் நாளை வாங்கி, தோட்டத்திலிருந்து வான் ஒன்றைப் பிடித்து ஒன்றாகக் கொண்டுபோனோம். வான் காசைக் கோயில் கமிட்டியும் கடைக்காரர் ஒருவரும் பொறுத்தார்கள். அன்றைக்குப் பேர் போகாமல் இருக்க ஏதாவது செய்ய முடியுமா என்று துரையைக் கேட்டோம். அரைப்பேர் போடச் சம்மதித்தார். தனியாகப் போயிருந்தால் பாதி வழியில் திரும்பியிருப்பார்கள் என்று நான் நினைக்கிற இரண்டு பேர், கூட்டத்தோடு சேர்ந்து பாட்டுப் பாடிக்கொண்டு போனார்கள். பெரும்பாலானோருக்குப் பயப்பட எதுவும் இல்லை. பொய்ப்பல் உராய்ந்த புண், உடைந்த பல்லின் கூர் குத்திய புண், வாயில் பிடித்த பூஞ்சணம் என்று திரும்பி வந்தார்கள். இப்படி வெறுமனே அலைந்தவர்கள் பிறகு கோபித்துக்கொள்வார்கள் என்று எதிர்பார்த்தேன், ஒருவரும் கோபிக்கவில்லை. ஒருவருக்கு மட்டும் ஆரம்ப நிலைப் புற்றுநோய் இருந்தது, சத்திரசிகிச்சையோடு முடிந்தது.

முகாமுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. அடுத்த தடவை பல்லுக்காக எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும், நாற்காலியில் உட்கார்ந்ததும் “டொக்டர், நான் வெத்தில போடுற ஆள், வாய் முழுக்க ஒருக்காப் பாத்திருங்க” என்று சொல்லவேண்டும். இந்த வாக்கியத்தைச் சிங்களத்தில் சொல்லத் தெரியாதவர்களுக்கு ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறோம். கேட்டால் மறுத்த பல் வைத்தியர் ஒருவரையும் நான் இதுவரை காணவில்லை. கேட்காதபோது பார்க்காமல் விட்டவர்களைக் கண்டிருக்கிறேன். போகுமுன் வீட்டிலேயே வாயை நன்றாகக் கொப்பளித்து, முடிந்தால் அன்று காலை வெற்றிலை போடாமல் போவது நல்லது, சாயம் இருந்தால் படலம் மறைந்துவிடும். பொய்ப்பல் போட்டவர்கள் பல்லே இல்லையே, பல் டொக்டர் எதற்கு என்று நினைக்கிறார்கள். தட்டைக் கழற்றிக் காட்டவேண்டியவர்கள் அவர்கள்தான்.

இடையிடையே வீட்டிலும் பார்த்துக்கொள்ளலாம். மாதத்துக்கு ஒரு தடவை வாசலில் வெயிலுக்கு முகம் காட்டி நின்று, கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு இரண்டு கன்னங்களையும் விரலால் விலக்கி, நாக்கின் இரு ஓரங்களையும் அடியையும் பார்த்தால் போதும். பெரியவர்களுக்குக் கண் தெரியாவிட்டால் பேரப்பிள்ளைகள் போன் டோர்ச்சை அடித்துப் பார்க்கலாம். துடைத்தும் போகாத வெள்ளை அல்லது சிவப்பு, இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் ஆறாத புண், காரணமில்லாமல் ஆடும் பல், கழுத்தில் கட்டி, விழுங்கும்போது தடை, உதடோ நாக்கோ மரத்துப்போவது, வாய் திறப்புக் குறைவது: இவற்றில் எதுவாக இருந்தாலும் அடுத்த சம்பளம் வரட்டும் என்று இருக்கக்கூடாது.

வெற்றிலையை விடுவது பற்றிக் கடைசியாக ஒன்று. அம்மா ஒரே நாளில் விட்டுவிடவில்லை. முதலில் இரவில் அதக்கிக்கொண்டு தூங்குவதை நிறுத்தினார், பிறகு புகையிலையை, பாக்கை விடுவதுதான் அவருக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது, தலை சுற்றல், எரிச்சல், யாரைக் கண்டாலும் கோபம். கறுவாப்பட்டைத் துண்டை மென்றுகொண்டு ஒரு மாதிரிச் சமாளித்தார். இப்போது கல்யாண வீட்டில் தாம்பூலத் தட்டு வந்தால் வெற்றிலையை எடுத்துக் கண்ணில் ஒற்றிவிட்டுத் தட்டிலேயே வைத்துவிடுகிறார். பாக்கை விட்டவர்களுக்கும் கிளினிக் உண்டு என்பதை அவருக்கு ஒவ்வொரு ஆறு மாதத்திலும் நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது, “விட்டாச்சில்ல, பெறகு என்ன?” என்பது இப்போதைய கேள்வி. வருடக்கணக்காகச் சேர்ந்த ஆபத்து விட்ட மறுநாளே போய்விடாது, குறையத்தான் செய்யும். அடுத்த தேதி தை மாதத்தில். கொப்பியில் அதே கிழமைக்கு வரவேண்டியவர்கள் இன்னும் மூன்று பேர் இருக்கிறார்கள், அதில் ஒருவர் மகள் வீட்டோடு மஸ்கெலியாவுக்குப் போய்விட்டார். அவருடைய நம்பரைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.